கூவத்தூர் கொண்டான் மெய்க்கீர்த்தி

இங்கிலாந்து தேசத்துப் பிரதம மந்திரிகளை நினைக்கும்போதெல்லாம் அடியேனுக்கு நெஞ்சு இளகிவிடுகிறது. நாடாளுமன்றங்களுக்கெல்லாம் தாய்வீடு என்று உலகம் கொண்டாடும் மண். ஆனாலும் ஒரு நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் வித்தை மட்டும் அவர்களுக்கு இன்னும் கைவரவில்லை. 2022 ஜூன் 6 அன்று போரிஸ் ஜான்சன் என்னும் பெருமகனார் தம் சொந்தக் கட்சி எம்.பி.க்களின் வாக்கெடுப்பில் 211-க்கு 148 என்று ஜெயித்தார். ஜெயித்தவர் அடுத்த மாதமே மூட்டை கட்டினார். மந்திரிகளும் துணை மந்திரிகளும் உதவியாளர்களுமாக ஐம்பது பேருக்கு மேல் இரண்டு மூன்று நாளில் ராஜினாமாக் கடிதம் நீட்டிவிட்டார்கள். "இவர்கள் பேனாவைத் திறக்குமுன் பஸ்ஸில் ஏற்றிக் கடற்கரைப் பக்கம் அனுப்பி வையுங்கள்" என்று எடுத்துச் சொல்ல அந்த ஊரில் ஒரு பெரியவர் இல்லாமல் போனார்.

அவருக்குப் பின் வந்த லிஸ் டிரஸ் அம்மையார் 49 நாள் ஆண்டார். இதை ஏதோ உலக சாதனை போலப் பேசுகிறார்கள். 1988 ஜனவரியில் ஜானகி ராமச்சந்திரன் அம்மையாரின் ஆட்சியை 24 நாளில் முடித்துக் காட்டிய சபை நம்முடையது. அதுவும் போலீஸ்காரர்களைச் சபைக்குள்ளேயே வரவழைத்து, தடியடி என்னும் மங்கல வாத்தியம் முழங்க. ஆனால் பழம்பெருமை பேசுவது நம் குணமில்லை. விட்டுவிடுவோம்.

அடுத்து, தொழிற்கட்சியின் கீர் ஸ்டார்மர். 2024 ஜூலையில் 411 இடங்களோடு வந்தார். வந்த மாதமே, குழந்தைகளுக்கான உதவித்தொகை விஷயத்தில் எதிர்த்து வாக்களித்த ஏழு பேரைக் கட்சியின் நாடாளுமன்றக் குழுவிலிருந்து நிறுத்தி வைத்தார். சரி, வீரம்தான் என்று நிமிர்ந்து உட்கார்ந்தால், அந்த ஏழு பேரும் மறுநாளும் எம்.பி.யாகவே சபைக்கு வந்து உட்கார்ந்தார்கள்! பதவி பறிபோகவில்லை. தொகுதி காலியாகவில்லை. ஓராண்டு கழித்து ஒரு சமூகநல மசோதாவைச் சொந்தக் கட்சிக்காரர்கள் மனம் கோணாதபடி வெட்டிக் குறைத்துக் கொண்டுவந்த பிறகும் அவர்களில் 49 பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். மனசாட்சியாம். தொகுதி மக்கள் கேள்வி கேட்பார்களாம். இப்படியெல்லாம் சாக்குச் சொல்லும் உறுப்பினர்களை வைத்துக்கொண்டு ஒரு தலைவர் எப்படி நிம்மதியாகத் தூங்குவார்?

அவர்களுடைய கன்சர்வேடிவ் கட்சியில் இன்னொரு விபரீத வழக்கமும் உண்டு. 2022-ல் இருந்த விதிப்படி, எம்.பி.க்களில் 15 சதவீதம் பேர் தலைவர்மீது நம்பிக்கை இல்லை என்று கடிதம் எழுதிக் கொடுத்தால் போதும். தலைவர் வாக்கெடுப்பைச் சந்தித்தே ஆக வேண்டும். ஜான்சன் பெருமானுக்கு 54 கடிதத்தில் அந்த வேளை வந்தது. கடிதம் எழுதினால் தலைவர் போகிறார்! உலகத்தில் இப்படி ஒரு தலைகீழ் நியாயம் உண்டா? எங்கள் ஊரில் கடிதம் எழுதினால் எழுதியவர் போவார். அதுவே முறை. அந்த முறை எப்படி நிலைநாட்டப்பட்டது என்பதைத்தான் இங்கே விண்ணப்பிக்க இருக்கிறேன்.

கங்கை கொண்டான், கடாரம் கொண்டான் என்று மன்னர்களின் மெய்க்கீர்த்தியைக் கல்லில் வெட்டிவைத்த நாடு இது. எடப்பாடி, சங்ககிரி, ராசிபுரம், திருச்செங்கோடு அடங்கிய எங்கள் சமவெளிக்கு மட்டும் அப்படி ஒரு மெய்க்கீர்த்தி இல்லையே என்று நெடுநாள் ஏக்கம் இருந்தது. 2017 பிப்ரவரியில் அது தீர்ந்தது. கூவத்தூர் கொண்டார் எம் கோமான்.

இந்த வித்தைக்கு எங்கள் சீமையில் பூர்வீகம் உண்டு என்பதை முதலில் பணிவோடு சொல்லிவிடுகிறேன். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் உள்ள குமாரமங்கலம் ஜமீன்தார், ஆக்ஸ்போர்டில் படித்த டாக்டர் ப. சுப்பராயன் 1926 டிசம்பரில் சென்னை மாகாணத்தின் முதல் மந்திரியானார். அந்தத் தேர்தலில் அதிக இடம் பிடித்தவர்கள் சுயராஜ்யக் கட்சியினர். பதவி ஏற்க மாட்டோம் என்று அவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். சுப்பராயன் அவர்களுக்கோ கட்சியே கிடையாது. கட்சி இருந்தால்தானே கட்சிக்குள் கவிழ்ப்பார்கள்? இந்த நுட்பம் இங்கிலாந்தின் பேரறிஞர்களுக்கு இன்றுவரை தட்டுப்படவில்லை. அந்த ஊர்க் கன்சர்வேடிவ் கட்சியின் எம்.பி.யாக இருந்து, பிறகு இங்கே கவர்னராக எழுந்தருளிய கோஷன் பிரபு நியமன உறுப்பினர்கள் 34 பேரின் பலத்தை அவருக்குப் பின்னால் நிறுத்தினார். சைமன் கமிஷன் வந்தபோது மந்திரிகள் இருவர் விலகினார்கள். புதிதாக இருவர் வந்தார்கள். முட்டுக் கொடுத்துவந்த சுயராஜ்யக் கட்சியினர் பகையானார்கள். பகையாக இருந்த நீதிக்கட்சியினர் முட்டுக் கொடுத்தார்கள். சுற்றிலும் கூட்டம் முழுக்க மாறியது. நாற்காலி இருந்த இடத்திலேயே இருந்தது.

அடுத்தவர் சேலத்தில் வக்கீல் தொழில் நடத்தி, 1917-ல் சேலம் நகரசபைத் தலைவராகி, திருச்செங்கோட்டருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் கண்ட மூதறிஞர் ராஜாஜி. 1952 தேர்தலில் சென்னைச் சட்டசபையின் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. தேர்தலில் நிற்பது, தெருத்தெருவாகக் கும்பிடுவது போன்ற உடல் வருத்தங்கள் எதுவும் இல்லாமல், கவர்னர் ஸ்ரீபிரகாசா அவரை மேலவைக்கு நியமித்து ஆட்சி அமைக்க அழைத்தார். காமன்வீல் கட்சியின் மாணிக்கவேலு நாயக்கர் மந்திரியானார். அவர் கட்சியின் ஆதரவும் ஆட்சியை வந்தடைந்தது. மந்திரி பதவிக்கும் கொள்கை மாற்றத்துக்கும் முடிச்சுப் போடுவது சிறுமனத்தோர் செயல். ஜூலையில் நம்பிக்கை வாக்கெடுப்பு 200-க்கு 151 என்று நிறைவேறியது. அடுத்த ஆண்டு, பள்ளி நேரத்தைப் பாதியாக்கும் கல்வித் திட்டத்தால் கட்சிக்குள்ளேயே புகைந்தது. அதிருப்தி காங்கிரஸ்காரர்களைத் திரட்டியவர்களில் முன்னின்றவர் டாக்டர் பி. வரதராஜுலு நாயுடு, அவர் பிறந்த ஊர் ராசிபுரம். நாற்காலியில் அமர்ந்தவரும் நம்மவர், அதன் காலை ஆட்டியவரும் நம்மவர். வெளியூரிலிருந்து ஆள் வரவழைக்கும் செலவு மிச்சம். 1954-ல் ராஜாஜி உடல்நலம் குன்றியதாகச் சொல்லி விலகினார். விலகிய பிறகு உடல்நலம் எவ்வளவு தேறியதென்றால், ஐந்து வருஷத்தில் புதிதாக ஒரு கட்சியே தொடங்கினார். 1972 வரை வாழ்ந்தார். பதவி விலகலைப் போல ஒரு மருந்து ஆயுர்வேதத்திலும் இல்லை.

இருந்தாலும் இவர்கள் இருவரும் முன்னோடிகள் மட்டுமே. எம்.எல்.ஏ.க்களைக் காக்கும் சாஸ்திரத்தை அவர்கள் முழுமையாகக் கற்கவில்லை. ராஜாஜிக்கு ஒரு கடலோர விடுதி அமைந்திருந்தால் சரித்திரம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

2016 டிசம்பர் 5 அன்று அ.தி.மு.க. முதல்வர் ஜெயலலிதா மறைந்தார். அன்றிரவே ஓ. பன்னீர்செல்வம் முதல்வரானார். 2017 பிப்ரவரி 5 அன்று "சொந்தக் காரணங்களுக்காக" ராஜினாமா செய்தார். பிப்ரவரி 7 இரவு மெரினா சமாதியில் கண்மூடி அமர்ந்தார். எழுந்தபோது அந்தச் சொந்தக் காரணம் பிறர் கட்டாயமாக மாறியிருந்தது. நாற்பது நிமிஷத் தியானத்தில் இப்படி ஞானம் பிறப்பது முனிவர்களுக்கும் அரிது. இரண்டு நாள் முன்னதாகவே கண்ணை மூடியிருந்தால் இந்த மெய்க்கீர்த்திக்கே வேலை இல்லாமல் போயிருக்கும் என்பதை எண்ணி நாம் ஆறுதல் கொள்ள வேண்டும்.

மறுநாள், கட்சிப் பொதுச்செயலாளர் வி.கே. சசிகலா தரப்பின் ஏற்பாட்டில் பஸ்கள் புறப்பட்டன. கிழக்குக் கடற்கரைச் சாலையில், கூவத்தூர் என்னும் புண்ணிய க்ஷேத்திரத்தில், உப்பங்கழியும் கடலும் சூழ்ந்த விடுதியில் மக்கள் பிரதிநிதிகள் நூற்றுக்கும் மேற்பட்டோர் குடியேறினார்கள். தொகுதியில் குடிநீர் வரவில்லை, ரேஷன் கடையில் பருப்பு இல்லை என்று யாரும் வந்து வாசலில் நிற்க முடியாத அளவுக்கு அவர்களுடைய தவத்துக்குக் காவல் போட்டிருந்தார்கள். பத்திரிகைக்காரர்கள் வெகுதூரத்திலேயே நிறுத்தப்பட்டார்கள். "நாங்கள் எங்கள் விருப்பப்படியே தங்கியிருக்கிறோம்" என்று உறுப்பினர்கள் எழுதிக் கொடுத்தது உயர் நீதிமன்றம் வரைக்கும் போனது. தன் விருப்பப்படி தங்கியிருக்கும் ஒருவர் அதை எழுதிக் கொடுத்து நிரூபிக்க வேண்டிய அளவுக்குச் சுதந்திரம் முற்றியிருந்தது.

மதுரை தெற்குத் தொகுதி உறுப்பினர் ஒருவர் மட்டும் இந்தச் சுதந்திரம் தாங்க முடியாமல், அரைக்கால் சட்டையும் டி-சர்ட்டுமாக மாறுவேடம் பூண்டு, மதில் ஏறிக் குதித்து வெளியே வந்ததாக அவரே சொன்னார். பழைய கதைகளில் மன்னர்கள் மாறுவேடத்தில் மக்களைப் பார்க்க நகர்வலம் வருவார்கள். மக்கள் பிரதிநிதி மாறுவேடத்தில் மக்களிடம் தப்பி வருவது இந்தச் சபையின் தனிச்சிறப்பு.

இந்த இடத்தில் சில விஷமிகள் விலை, பேரம் என்றெல்லாம் முணுமுணுப்பார்கள். நாமக்கல்லில் முட்டைக்குக் கொள்முதல் விலையை நிர்ணயித்து ஊரறிய அறிவிக்கிறார்கள். ஐந்து பைசா ஏறினாலும் இறங்கினாலும் மறுநாள் பேப்பரில் வந்துவிடும். சட்டமன்ற உறுப்பினர்கள் விஷயத்தில் அப்படி எந்த அறிவிப்பும் எந்தப் பேப்பரிலும் வரவில்லை. வராத ஒன்றை நாம் ஏன் பேச வேண்டும்? முட்டையைவிடக் கவனமாகக் கையாளப்பட்டார்கள், ஒன்றுகூட உடையாமல் கோட்டைக்கு வந்து சேர வேண்டுமே என்று அட்டையில் அடுக்கி வைக்கப்பட்டார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் சொத்துக் குவிப்பு வழக்கில் வி.கே. சசிகலாவின் தண்டனையை உறுதி செய்தது. அன்றே கூவத்தூரில் சட்டமன்றக் கட்சியின் தலைவராக எம் கோமான் எடப்பாடி கே. பழனிசாமி அவர்கள் திருநாமம் முன்மொழியப்பட்டது. சிலுவம்பாளையத்துக்காரர், 1989-ல் எடப்பாடியிலிருந்து முதல் முறை சட்டசபைக்குப் போனவர், 1998-ல் திருச்செங்கோட்டின் எம்.பி. கூவத்தூரில் சசிகலாவுக்கு நன்றி தெரிவிக்க அவர் சென்ற காட்சியைத் தமிழ்நாடு முழுவதும் படமாகப் பார்த்தது. மேஜை நாற்காலிகளுக்கு இடையே மண்ணோடு மண்ணாகத் தாழ்ந்து சென்று அவர் வணங்கிய அழகை என்னவென்பது! நான் ஒரு விவசாயி என்று அவர் மேடைதோறும் சொல்வது வெறும் பேச்சில்லை. பூமியை இவ்வளவு நெருக்கத்தில் பார்த்த முதலமைச்சர் இன்னொருவர் இல்லை. தவழ்ந்து போக நான் பாம்பா பல்லியா என்று 2021 தேர்தல் மேடைகளில் அவரே கேட்டருளினார். இல்லைதான். அவை யாரையும் பார்த்து நன்றி சொல்வதில்லை.

அந்த நன்றியின் ஆழத்தையும் சொல்ல வேண்டும். பிப்ரவரி 15 அன்று சசிகலா மெரினா சமாதியில் மூன்று முறை ஓங்கி அறைந்து சபதம் செய்துவிட்டுப் பெங்களூரு பரப்பன அக்ரகாரத்துக்குப் போனார். செப்டம்பர் 12 அன்று பொதுக்குழு கூடி அவருடைய நியமனத்தையே செல்லாது என்று தள்ளியது. ஏழு மாதத்துக்கும் மூன்று நாள் குறைவு. சிறையில் இருப்பவருக்குக் கட்சிப் பொறுப்பு என்னும் பாரம் கூடாது என்ற கருணை அது என்றே கொள்க. அதற்கும் முன்பே, ஆகஸ்ட் 21 அன்று, மெரினாவில் தர்மயுத்தம் தொடங்கிய பன்னீர்செல்வம் அவர்கள் துணை முதல்வராகப் பதவியேற்றார். கவர்னர் இருவரின் கைகளையும் பிடித்து ஒன்றாகச் சேர்த்து வைத்தார். குருக்ஷேத்திரத்தில் பதினெட்டு நாள் ரத்த ஆறு ஓடியது. இங்கே ஆறரை மாதம் நடந்த தர்மயுத்தத்தில் தர்மத்துக்குத் தவிர வேறு யாருக்கும் சிறு காயமும் இல்லை.

இனி அந்தச் சனிக்கிழமை, 2017 பிப்ரவரி 18. சபாநாயகர் ஆசனத்தில் மாண்புமிகு ப. தனபால் வீற்றிருந்தார். அப்போது அவர் அவிநாசி உறுப்பினர். ஆனால் சங்ககிரியிலிருந்து நான்கு முறையும் ராசிபுரத்திலிருந்து ஒரு முறையும் வென்றவர். ஆக, நம்பிக்கை கோரியவரும் நம்பிக்கையை எண்ணிப் பார்த்தவரும் எங்கள் சமவெளிச் சொந்தங்களே. ரகசிய வாக்கெடுப்பு வேண்டும் என்றார்கள். ரகசியமாக ஒருவர் தம் மனதில் உள்ளதைச் சொல்வது ஒழுக்கக்கேடு என்று உணர்ந்த சபாநாயகர் மறுத்தருளினார். சபை இரு முறை ஒத்திவைக்கப்பட்டது. மைக்குகள் பெயர்ந்தன, காகிதங்கள் பறந்தன. தி.மு.க. உறுப்பினர் ஒருவர் சபாநாயகர் நாற்காலியிலேயே ஏறி உட்கார்ந்து பார்த்தார். நாற்காலி ஆசை ஒரு கட்சியின் தனிச்சொத்து இல்லை என்று அந்தப் பெருந்தகை நாட்டுக்கு உணர்த்தினார். பிறகு சபைக் காவலர்கள் வந்து தி.மு.க.வினரை ஒட்டுமொத்தமாகத் தூக்கி வெளியேற்றினார்கள். மு.க. ஸ்டாலின் கிழிந்த சட்டையோடு வெளியே வந்தார். தம் சட்டையும் கிழிந்ததாகச் சபாநாயகரும் வருந்தினார். காங்கிரசும் முஸ்லிம் லீக்கும் வெளிநடப்புச் செய்தன. எதிர்ப்பவர்கள் எல்லாரும் போன பின் மிச்சமிருந்தவர்களைப் பகுதி பகுதியாக எழுந்து நிற்கச் சொல்லித் தலை எண்ணினார்கள். 122-க்கு 11.

இதற்கு அடுத்து நடந்ததுதான் இந்தக் காவியத்தின் சிகரம். கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி, தம் சொந்தக் கட்சி ஆட்சிக்கு எதிராக, ஊரறிய எழுந்து நின்று வாக்களித்தவர்கள் பன்னீர்செல்வம் உள்ளிட்ட அந்த 11 பேர். கட்சித் தாவலைத் தடுக்க 1985-ல் அரசமைப்பில் சேர்த்த பத்தாவது அட்டவணை, கொறடாவை மீறி வாக்களிப்பதைத் தகுதி நீக்கத்துக்கு உரிய குற்றமாகச் சொல்கிறது. அவர்களுக்கு என்ன ஆயிற்று? ஒருவர் துணை முதல்வர் ஆனார். இன்னொருவர் மந்திரி ஆனார். தகுதி நீக்கம் கோரிய வழக்கு உயர் நீதிமன்றம் போய், உச்ச நீதிமன்றம் போய், 2020 பிப்ரவரியில் மீண்டும் சபாநாயகரின் கருணைக்கே திரும்பி வந்தது. 2021-ல் சபையின் ஆயுள் முடிந்தது. நிதானத்தில் கடலையும் மலையையும் வென்றார் சபாநாயகர்.

2017 ஆகஸ்ட் 22 அன்று, சசிகலாவின் அக்காள் மகன் டி.டி.வி. தினகரன் பக்கம் நின்ற ஆளுங்கட்சி உறுப்பினர்கள் 19 பேர் கவர்னரிடம் போய், இந்த முதல்வர்மீது எங்களுக்கு நம்பிக்கை இல்லை என்று கடிதம் கொடுத்தார்கள். வாக்களிக்கவில்லை. கொறடாவை மீறவில்லை. இங்கிலாந்தில் 54 பேர் செய்ததைத்தான் செய்தார்கள், கடிதம் எழுதினார்கள். ஒருவர் மனம் திரும்பினார். மிச்சம் 18 பேர் புதுச்சேரி விடுதி, குடகு விடுதி என்று க்ஷேத்திராடனம் போயிருந்தபோது, செப்டம்பர் 18 அன்று சபாநாயகர் அவர்களைத் தகுதி நீக்கம் செய்தார். கவர்னருக்குக் கடிதம் கொடுத்ததே கட்சியைத் தாமாக விட்டு விலகியதற்குச் சமம் என்பது தீர்ப்பு. உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் இருவரும் ஆளுக்கொரு தீர்ப்புச் சொல்ல, 2018 அக்டோபரில் மூன்றாவது நீதிபதி சபாநாயகர் செய்தது சரியென்றார்.

எதிர்த்து வாக்களித்தால் மந்திரி; எதிர்த்துக் கடிதம் எழுதினால் வீடு. இந்த நுண்மையான வேறுபாட்டைச் சட்டப் புத்தகத்தில் தேடினால் கிடைக்காது. ஆட்சி நிலைக்க எத்தனை தலை வேண்டும், எந்தத் தலை போனால் கணக்குச் சரியாக வரும் என்று பார்க்கும் கூர்த்த மதி வேண்டும். 234 பேர் சபையில் 18 பேரைக் கழித்தால் பெரும்பான்மைக்கு வேண்டிய எண்ணிக்கையும் தானாகவே இறங்கிவிடுகிறது. ஆதரவைப் பெருக்குவது சாமானியர் வழி. சபையைச் சுருக்குவது சான்றோர் வழி.

வீட்டுக்குப் போனவர்களையும் இந்த நாடு கைவிடவில்லை என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. அவர்களில் ஒருவரான செந்தில்பாலாஜி 2018 டிசம்பரில் தி.மு.க.வில் சேர்ந்தார், 2019 மே மாதம் அரவக்குறிச்சியில் வென்றார், 2021-ல் ஸ்டாலின் மந்திரிசபையிலேயே மந்திரியானார். அவர் ஆதரித்த அணி எது, எதிர்த்த ஆட்சி எது, சேர்ந்த கட்சி எது என்று வாக்காளன் குழம்பக் கூடாதென்றுதான் எல்லாக் கட்சிகளும் ஒரே மாதிரி வேட்டியைக் கட்டுகின்றன. கரை மட்டும் வேறு.

சபைக்குள் 122 பேரின் மனம் நோகாமல் பார்த்துக்கொள்வதற்கே ஒரு மனிதருக்குப் பொழுது போதாது. அந்த நிலையிலும் எம் கோமான் எங்கள் சமவெளியை மறக்கவில்லை. 2018-ல் சேலத்துக்கும் சென்னைக்கும் 277 கிலோமீட்டரில், பத்தாயிரம் கோடி ரூபாயில் எட்டு வழிச் சாலை என்று வந்தது. மத்திய அரசின் திட்டம். முதல்வரே நெடுஞ்சாலைத் துறைக்கும் மந்திரி. ராமலிங்கபுரம், குப்பனூர், பூலாவரிப் பக்கம் தென்னந்தோப்பிலும் மஞ்சள் காட்டிலும் போலீஸ் சூழ அதிகாரிகள் வந்து அளவுக்கல் நட்டார்கள். கிணற்று மேட்டில் உட்கார்ந்து அழுத கிழவிகளைத் தொலைக்காட்சியில் பார்த்த ஞாபகம் உங்களுக்கும் இருக்கும். எதிர்த்துப் பேசியவர்கள் கைதானார்கள். ஒரு எம்.எல்.ஏ. முகம் சுளித்தால் பதறி ஓடிய அரசு, தோப்பைப் பறிகொடுத்தவனின் அழுகைக்குக் கலங்காமல் நின்ற உறுதியை வாழ்த்தச் சொல் இல்லை. பாரபட்சம் பார்த்தால் ராஜ்யம் நடக்குமா? எம்.எல்.ஏ.வுக்கு ஓட்டு இருந்தது, சபையில். தோப்புக்காரனுக்கும் இருந்தது, ஆனால் அது 2021-ல்தான் வரும். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நில எடுப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் திட்டத்துக்கு வழிவிட்டது. நட்ட கற்களைக் கேட்டால் அவையே மிச்சத்தைச் சொல்லும்.

எங்கள் சமவெளி மக்களின் பெருந்தன்மையையும் பதிவு செய்வது என் கடமை. 2021 தேர்தலில் ஆட்சி போனது. ஆனால் சேலம் மாவட்டத்தின் 11 தொகுதிகளில் பத்தை அவர் கூட்டணிக்கே கொடுத்தோம். எடப்பாடியில் 93,802 வாக்கு வித்தியாசம். நம்மூர்க்காரர் ஜெயித்தால் நாமே ஜெயித்த மாதிரி. அளவுக்கல் பக்கத்துக் காட்டில்தானே நட்டார்கள்?

கைகள் சேர்த்து வைக்கப்பட்ட கதையின் பிற்பகுதியைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 2022 ஜூன் 23 அன்று வானகரத்தில் பொதுக்குழு. பன்னீர்செல்வம் அவர்கள் வெளியேறும்போது தண்ணீர் பாட்டில்கள் புஷ்பமாரியாகப் பொழிந்தன. கோடையில் தாகம் தணிக்க வேறென்ன வேண்டும்? ஜூலை 11 அன்று அவர் கட்சியிலிருந்தே நீக்கப்பட்டார். தர்மயுத்தத்தின் இரண்டாம் பாகத்தில் தர்மத்தைக் காணோம், யுத்தம் மட்டும் ராயப்பேட்டைத் தலைமை அலுவலக வாசலில் கல்லும் கட்டையுமாக நடந்தது. 2025 செப்டம்பரில் கோபிச்செட்டிபாளையத்தின் கே.ஏ. செங்கோட்டையன், பிரிந்தவர்களை எல்லாம் பத்து நாளில் சேர்க்க வேண்டும் என்று கெடு வைத்தார். மறுநாளே அவருடைய கட்சிப் பதவிகள் பறிபோயின. பத்து நாள் கெடுவுக்கு ஒரே நாளில் பதில்! இவ்வளவு வேகம் பட்டா மாறுதல் மனுக்களுக்கும் வாய்க்குமானால் தாலுகா ஆபீஸ் வாசலில் டீக்கடைகள் மூடப்படும். அந்த ஏழைகளின் பிழைப்பை எண்ணித்தான் வேகத்தைக் கட்சிக்குள்ளேயே அடக்கி வைத்திருக்கிறார்கள் போலும்.

ஆகவே லண்டனிலிருந்து யாரேனும் இந்தப் பக்கம் வந்தால், அவர்களுக்கு நாம் வஞ்சகமில்லாமல் சொல்லித்தர வேண்டும். கடிதத்துக்கு அஞ்சற்க. கடலோரத்தில் ஒரு நல்ல விடுதி பார்த்துவைக்க. சபாநாயகரைச் சொந்த ஊர்ப் பக்கத்திலிருந்தே தேர்ந்தெடுக்க. கைதூக்கி விட்டவரை ஏழு மாதத்துக்குள் மறக்க. எதிர்த்தவரில் பயன்படுபவரைப் பக்கத்தில் அமர்த்துக. தொகுதி மக்களைப் பற்றிக் கவலை வேண்டாம். அவர்கள் ஏற்கெனவே ஒரு முறை வாக்களித்துவிட்டார்கள்.

தகுதி நீக்கப்பட்ட 18 பேரில் அரூர், பாப்பிரெட்டிப்பட்டி உறுப்பினர்களும் உண்டு. சேலத்திலிருந்து பஸ் ஏறினால் அரைப் பொழுதுக்குள் போய்விடலாம். எங்கள் மலைக்கு அந்தப்புறம் உள்ள ஊர்கள். அங்கே ஏரிக்குத் தண்ணீர் கேட்டு, சாலை கேட்டு எம்.எல்.ஏ.வுக்கு மனு எழுத உட்கார்ந்தவர்களுக்குப் பெறுநர் என்ற இடத்தில் எழுத ஒரு பெயர் இல்லை. அந்த இரண்டு தொகுதிகளுக்கும் இடைத்தேர்தல் நடந்தது 2019 ஏப்ரல் 18 அன்று. பத்தொன்பது மாதம்.